மூக்குத்தி, ஜடை, ஒருக்களித்த தூக்கம்: ஏர்ஃபிட் என்30ஐ மாஸ்க் எப்படி?

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் ராத்திரி சிபாப் மெஷினோடு மாட்டிக்கொள்ளும் மாஸ்க்குகளில் ஒன்று ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்ஃபிட் என்30ஐ. அதை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், குறிப்பாகப் பெண்களுக்கு. சிபாப் மாஸ்க் பற்றிக் கிடைக்கிற கொஞ்சநஞ்ச ஆலோசனையும் ஆண்களின் முகத்தை வைத்தே பேசுகிறது. மீசை, தாடி பற்றியெல்லாம் சொல்வார்கள், மூக்குத்தி பற்றி யாரும் சொல்வதில்லை. எண்ணெய் தடவிப் பின்னிய தலைமுடிமேல் மாஸ்க்கின் பட்டை எப்படி நிற்கும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எனக்கு மூக்குத்தியும் உண்டு, நீளமான ஜடையும் உண்டு, போதாததற்கு நான் ஒருக்களித்துத்தான் படுப்பேன். இந்த மூன்றும் சேர்ந்தால் காற்று கசியாத மாஸ்க் கிடைக்க என்ன பாடு படவேண்டும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மாஸ்க், வாங்கலாம். ஆனால் மாஸ்க்கை மட்டும் மாற்றினால் கசிவு நிற்காது. எப்படிப் படுக்கிறீர்கள், எந்தத் தலையணை, டியூப் எந்தப் பக்கமாக வருகிறது, தாடை எப்படி இருக்கிறது, இது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிற்கும். கடையில் மாஸ்க்கையும் படுக்கையையும் இரண்டு வேறு விஷயமாகப் பேசுவார்கள். ஒரே விஷயம்தான்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை சுருங்கியோ முழுசாக அடைபட்டோ போவதுதான் ஸ்லீப் ஆப்னியா. பத்து விநாடியாவது நீடித்தால் ஒன்று என்று கணக்கு. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை என்பதை ஏ.எச்.ஐ. என்பார்கள்: 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் போனால் தீவிரம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பலருக்குப் பெரிய குறட்டை இருக்காது. காலையில் தலைவலி, பகல் முழுக்க அசதி, ராத்திரி அடிக்கடி விழிப்பு என்றுதான் வரும், அதனால் தைராய்டு டெஸ்ட், ரத்தசோகை டெஸ்ட் என்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். என் கதையும் அதுவே.

சிபாப் மெஷின் செய்வது ஒரே வேலை. மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து அந்தப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தார், 1981இல் லான்செட் இதழில் கட்டுரையாக வந்தது. அந்த ஆரம்ப காலத்தில் மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் சிலிக்கோன் பசை போட்டு மூக்கோடு ஒட்டினார்கள். ஆகவே கசிவு என்பது இந்தச் சிகிச்சை பிறந்த நாளிலிருந்தே கூட இருக்கிற தொல்லை, நாம் சரியாக மாட்டத் தெரியாதவர்கள் என்று பொருள் இல்லை. முக்கியமாக இதை வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

எல்லாக் காற்றும் கசிவு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்க்கில் வேண்டுமென்றே சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள், நாம் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதை அடைக்கக் கூடாது, போர்வையை இழுத்து மூடவும் கூடாது. மெஷின் இந்த ஓட்டைக் காற்றைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கசிவு என்று காட்டுகிறது, ரெஸ்மெட் மெஷின்களில் அப்படி. நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மெஷினால் சரியாக ஈடுகட்ட முடியாது, எத்தனை முறை மூச்சு நின்றது என்ற எண்ணிக்கையையும் நம்ப முடியாது. அந்தக் கழிப்புச் சரியாக நடக்க, மெஷினின் மெனுவில் உங்கள் மாஸ்க் என்ன வகை என்று குறித்திருக்க வேண்டும்: முழுமுகமா, மூக்கா, நாசித்துளையா. மாஸ்க்கை மாற்றிக் கொடுத்த கடைக்காரர் இதை மாற்றாமலே போய்விட்டார். நான் மெனுவைத் திறந்து பார்த்தபோது பழைய வகையே இருந்தது. வாங்கினதும் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, மாஸ்க்குகள். எனக்கு முதலில் கிடைத்தது மூக்கு, வாய் இரண்டையும் மூடும் முழுமுக மாஸ்க். திருச்சியில் ஒரு கடையில் நாற்காலியில் உட்கார வைத்து மாட்டி, மெஷினை ஓட்டி, கண்ணாடியைக் காட்டி, நன்றாகப் பொருந்துகிறது என்று பில் போட்டார்கள். வேறு அளவு காட்டவில்லை, படுக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடி பொருந்தும் மாஸ்க் படுத்தால் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் படுத்ததும் கன்னத்துச் சதை காதுப்பக்கம் சரிகிறது, தாடை பின்னால் போகிறது, முகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பினால் தலையணை மாஸ்க்கின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளும், எதிர்ப்பக்கத்தில் மாஸ்க்கின் ஓரம் திறந்துகொள்ளும், காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். காலையில் கண் உறுத்தலோடு எழுந்திருக்கிறவர்கள் கண் டாக்டரிடம் போகும் முன் மாஸ்க்கின் மேல்விளிம்பைப் பாருங்கள்.

முழுமுக மாஸ்க் மோசம் என்று சொல்ல வரவில்லை. மூக்கடைப்பு தீராதவர்களுக்கும், வாயைத் திறந்து தூங்கும் பழக்கத்தை விடவே முடியாதவர்களுக்கும் அதுதான் வழி. எனக்கு டாக்டர் மூக்கைப் பரிசோதித்து, மூச்சு தாராளமாகப் போகிறது, மூக்கு மாஸ்க்கே போதும் என்று சொன்ன பிறகுதான் மாற்றினேன். இன்னொன்று, பல மாஸ்க்குகளில் பட்டையை மாட்டும் கொக்கி காந்தம். பேஸ்மேக்கர் மாதிரி உடம்புக்குள் கருவி வைத்திருக்கிறவர்கள் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள், பக்கத்தில் படுக்கிறவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் அதே கதைதான். கடையில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மூக்கைச் சுற்றி முக்கோணமாக உட்காரும் மாஸ்க். அது முழுமுகத்தைவிட எவ்வளவோ லேசு. ஆனால் இங்கேதான் மூக்குத்தி குறுக்கே வருகிறது. முகத்தில் படுகிற சிலிக்கோன் பகுதியைக் குஷன் என்பார்கள், அதன் விளிம்பு மூக்கின் பக்கவாட்டில், சரியாக மூக்கு மடல் கன்னத்தோடு சேரும் இடத்தில் இறங்குகிறது. எனக்கு வலப்பக்கம் கல் பேசரி. கல்லின் வெளிவிளிம்பு சிலிக்கோனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், அந்த இடுக்கில் விசில் மாதிரி மெல்லிய சத்தத்தோடு காற்று போகும், பட்டையை இறுக்கினால் கல் மூக்கில் அழுந்தும், தளர்த்தினால் விசில். நாசித்துளைக்குள் இரண்டு குமிழ் வைக்கும் வகை இன்னும் சிரமம். அங்கே இடிப்பது கல் இல்லை, உள்ளே இருக்கிற திருகாணி. குமிழின் மென்மையான ஓரம் திருகாணியில் பட்டு ஒரு பக்கம் மட்டும் சரியாக உட்காராது, விடிய விடிய உரசி உள்ளே புண்ணாகும். மூக்குத்தி இல்லாத என் தங்கை அதே வகையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள், மீசை வைத்த ஆண்கள் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள், உதட்டுக்கு மேலே உள்ள முடி அதைப் பாதிக்காது.

ராத்திரி கழற்றி வைத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். தினமும் திருகாணியைக் கழற்றி மாட்டுவது விளையாட்டு இல்லை, இருட்டில் கீழே விழுந்தால் தேடவும் முடியாது. அதைவிட முக்கியம், எனக்குக் கழற்றப் பிடிக்கவில்லை. ஒரு சிகிச்சை ஆயுசு முழுக்கத் தொடர வேண்டுமென்றால் அது நம் உடம்போடும் பழக்கத்தோடும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் நாலு மாதத்தில் மெஷின் பரணுக்குப் போய்விடும்.

என்30ஐ இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. அதன் குஷன் மூக்கை மூடுவதில்லை, துளைக்குள்ளும் போவதில்லை. மூக்குக்கு அடியில் ஒரு தொட்டில் போல உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் ஒரு திறப்பு, இரண்டு ஓரங்களும் கொஞ்சம் மேலே எழும்பி மூக்கு மடலின் கீழ்ப்பகுதியை அணைத்துக்கொள்ளும். பேசரி அந்த ஓரத்துக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. முதலில் கல்லின் அடிவிளிம்பு லேசாகத் தட்டியது, ஆசாரியிடம் கொடுத்துத் தட்டையான ஒற்றைக்கல்லாக, உள்ளே குட்டையான திருகாணியோடு மாற்றிக்கொண்டேன், அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. மூக்குத்தி மேலே குத்தியிருக்கிறவர்களுக்கு மாற்றவே தேவைப்படாது. மடலின் அடியோரத்தில் வளையம் போட்டிருக்கிறவர்களுக்கு இதுவும் சரிப்படாது என்று நினைக்கிறேன், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது நன்மை, டியூப் முகத்துக்கு முன்னால் தொங்கவில்லை. இரண்டு கன்னத்தின் ஓரமாகவும் மென்மையான குழல் மேலே போய், உச்சந்தலையில் சேர்ந்து, அங்கே முழங்கை போல வளைந்த ஒரு மூட்டில் மெஷினிலிருந்து வரும் டியூப் மாட்டுகிறது. அந்த மூட்டு முழு வட்டமும் சுழலும். இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் டியூப் தன்பாட்டுக்குக் கூடவே வருகிறது, மாஸ்க்கைப் பிடித்து இழுப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது கீழே இருக்கிற கன்னத்துக் குழல் அமுங்கினாலும் மேலே இருக்கிற குழல் வழியாகக் காற்று வந்துவிடும், அதற்காகத்தான் இரண்டாக வைத்திருக்கிறார்கள். பாத்ரூம் போகவேண்டுமென்றால் மூட்டின் இரண்டு பக்கத்தையும் அழுத்தி டியூப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போகலாம், மாஸ்க் தலையிலேயே இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்தபடியே தூக்கத்துக்குக் காத்திருக்கலாம். பிலிப்ஸின் டிரீம்வேர் மாஸ்க்கும் இதே அமைப்புதான், கையில் எது கிடைக்கிறதோ அதைப் பார்க்கலாம்.

இனி தலைமுடி. இந்த வகை மாஸ்க் எதுவானாலும் உச்சியில் நிற்கிற குழல்தான் அதன் ஆதாரம். அது பின்னால் வழுக்கினால் மூக்கடியில் இருக்கிற குஷன் மேலே இழுபடும், ஓரம் திறந்துகொள்ளும். எண்ணெய்த் தலையில் வழுக்கத்தான் செய்யும். ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தை நான் குளிக்கிற நாள் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஜடையை நடுமுதுகில் விட்டால் பட்டை அதன்மேல் ஏறி இறங்கும், உச்சிக்கொண்டை போட்டால் குழல் உட்கார இடமில்லை. கழுத்துக்கு நெருக்கமாகத் தளர்வாக ஒரு கொண்டை போட்டு, பின்பட்டை அந்தக் கொண்டைக்கு மேலே, காதுக்குப் பின்னால் போகிற மாதிரி வைத்தால் அசையாமல் நிற்கிறது. கொண்டையே பட்டை கீழே நழுவாமல் தாங்கிக்கொள்கிறது. ஊசி, கிளிப் எதுவும் வேண்டாம், பருத்தித் துணியில் செய்த ரப்பர்பேண்ட் போதும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், பாதிக் கசிவு இங்கேதான் இருக்கிறது. முதலில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள், கிரீம், எண்ணெய், மஞ்சள் எதுவும் மூக்கைச் சுற்றி இருக்கக் கூடாது. பிறகு படுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் தூங்குவீர்களோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், மெஷினை ஓட்டுங்கள். காற்று வந்ததும் குஷனை இரண்டு விரலால் மூக்கிலிருந்து அரை அங்குலம் முன்னால் இழுத்து மெதுவாகத் திரும்ப விடுங்கள். உள்ளே மடிந்துகிடக்கும் மெல்லிய சிலிக்கோன் இதழ் காற்றில் விரிந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இதழ்தான் அடைக்கிறது, பட்டையின் இறுக்கம் இல்லை. இறுக்க இறுக்க இதழ் நசுங்கி, கசிவு கூடத்தான் செய்யும், காலையில் கன்னத்தில் தழும்பும் மிச்சம். என் ஏர்சென்ஸ் 10 மெஷினில் மாஸ்க் பொருத்தம் பார்க்கும் வசதி மெனுவிலேயே இருக்கிறது, ஓட்டினால் சிரித்த முகம் காட்டும். உட்கார்ந்து பார்க்காதீர்கள், படுத்துப் பாருங்கள்.

இப்போது படுக்கை. இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புவது.

மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பகுதியும் தன் கனத்தில் தொண்டைக்குள் இறங்குகின்றன. ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற ஆய்வாளர் சிகாகோவில் இதை ஆராய்ந்து 1984இல் எழுதினார். பக்கவாட்டில் படுப்பதைவிட மல்லாந்து படுக்கும்போது இரண்டு மடங்காவது அதிகமாக மூச்சு தடைபடுகிறவர்களை 'படுக்கை நிலை சார்ந்த' நோயாளிகள் என்று பிரிக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. உங்கள் தூக்கப் பரிசோதனை அறிக்கையில் சுபைன் (மல்லாந்து), நான்-சுபைன் (மல்லாராமல்) என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். எனக்கு இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இதற்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், என்னுடையது தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின். இப்படிப்பட்ட மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை கொடுக்கும், அதற்குள் எனக்கு எதுவரை என்று டாக்டர் வரம்பு போட்டிருக்கிறார். ஒருக்களித்துப் படுத்திருக்கும்வரை அழுத்தம் குறைவாகவே ஓடுகிறது. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் மூச்சுப்பாதை குறுகும், மெஷின் அழுத்தத்தை ஏற்றும், ஏற ஏற குஷன் மூக்கிலிருந்து தூக்கப்படும், வாய் திறந்துகொள்ளும், கசியும். ஆக, மாஸ்க் கசிகிறது என்று நாம் மாஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், காரணம் முதுகில் இருக்கும். பட்டையை இறுக்கினாலும் பெரிய சைஸ் குஷன் வாங்கினாலும் இது தீராது.

நான் இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஆஸ்கர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மெஷினின் பக்கவாட்டில் உள்ள எஸ்டி கார்டை எடுத்துக் கணினியில் போட்டால் ராத்திரி முழுக்க அழுத்தம், கசிவு, மூச்சுத்தடை எல்லாம் வரைபடமாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். ராத்திரி முதல் பாதியில் கசிவுக் கோடு தரையோடு படுத்துக்கிடந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் திடீரென்று மூச்சுத்தடைக் குறிகள் கொத்தாக, உடனே அழுத்தம் ஏறி, அதன் பின்னாலேயே கசிவு. ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசை. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் வரும், அப்போது உடம்பின் தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், தாடையும் தொங்கும், அதோடு மல்லாந்தும் கிடந்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். எப்படிப் படுத்திருக்கிறோம் என்பதை மெஷின் பதிவதில்லை. அதிகாலையில் காபி போட எழுந்திருக்கிற என் வீட்டுக்காரர்தான் நான் எப்படிக் கிடந்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தார். குறிகள் கொத்தாக வந்த நாட்களில் பெரும்பாலும் 'மல்லாந்து' என்று எழுதியிருந்தது.

மல்லாராமல் இருக்க என்ன செய்யலாம்? டென்னிஸ் பந்தை இரவு உடையின் முதுகில் தைத்துவிடுவது பழைய வைத்தியம். வேலை செய்யும், ஆனால் முதுகு வலிக்கும், பலர் கொஞ்ச காலத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்குச் சரிப்பட்டது நீளமான இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று. முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு அதில் சாய்ந்து ஒருக்களிப்பேன், இன்னொரு சிறிய தலையணை முழங்கால்களுக்கு நடுவில், இடுப்பு வலிக்காமல் இருக்க. இடப்பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சலும் குறைகிறது.

தலைக்கு வைக்கிற தலையணை ரொம்ப முக்கியம். கெட்டியான ஃபோம் தலையணை கன்னத்துக் குழலை மேலே தள்ளிவிடும். சிபாப் தலையணை என்று பக்கங்களில் வெட்டு வைத்து ஆன்லைனில் விற்கிறார்கள், விலை அதிகம். நம் இலவம்பஞ்சுத் தலையணையே போதும், புதிதாகப் பஞ்சடைக்கும்போது ஒரு பங்கு குறைவாக அடைக்கச் சொல்லுங்கள். படுக்கும் முன் கையால் ஒரு குழி போட்டு, முகம் தலையணையின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி படுத்தால் மாஸ்க்கும் குழலும் காற்றில் நிற்கும், தலையணை தொடவே தொடாது. பஞ்சு போட்ட குழி அப்படியே நிற்கும், ஃபோம் திரும்ப எழும்பிவிடும், வித்தியாசம் அதுதான்.

இரண்டு மூன்று தலையணையை அடுக்கித் தலையை உயர்த்துகிறவர்கள் அதை நிறுத்துங்கள். தலை மட்டும் உயர்ந்தால் கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை அங்கேயே நெரிபடும். எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் மெஷினால் அதைத் திறப்பது கஷ்டம். ஒருக்களித்துப் படுத்தாலும் இது நடக்கும். உயரம் வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து மொத்தக் கட்டிலையும் சாய்வாக்குங்கள், கழுத்து நேராக இருக்கும். எங்கள் தெருத் தச்சர் பள்ளம் வைத்துச் செய்து கொடுத்தார், கால் நழுவாது.

டியூப் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம், உள்ளே ஈரம் சேர்ந்தால் கனமும் கூடும். கட்டில் ஓரத்தில் தொங்கவிட்டால் திரும்பும்போதெல்லாம் இழுக்கும். எங்களுக்குக் கொசுவலை கட்டுகிற கயிறு தலைக்கு நேர் மேலே போகிறது, அதில் ஒரு பழைய பருத்திப் புடவைக் கிழிசலைத் தளர்வான வளையமாகக் கட்டி டியூப்பை அதற்குள் விட்டிருக்கிறேன். மேலிருந்து வருவதால் இரண்டு பக்கமும் சமமாக எட்டுகிறது. ஏசி போடுகிறவர்கள் டியூப்புக்குத் துணி உறை போடுங்கள், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் ஈரப்பதமூட்டியிலிருந்து வரும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி மூக்கில் சொட்டும்.

வாய்க்கசிவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், மூக்கு மாஸ்க் எதுவானாலும் இது உண்டு. காலையில் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று வாய்வழி போயிருக்கிறது என்று அர்த்தம். கழுத்தை நேராக்கியதும், மல்லார்வது குறைந்ததும் எனக்குப் பெருமளவு நின்றுவிட்டது. மிச்சத்துக்கு ஈரப்பதத்தை ஒரு படி கூட்டினேன். சளி பிடித்த நாட்களில் டாக்டர் சொன்ன உப்புநீர் ஸ்பிரே. தாடைப் பட்டை சிலருக்கு உதவும். வாயில் டேப் ஒட்டுவதை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகச் செய்யாதீர்கள், மூக்கடைத்திருந்தால் ஆபத்து. அழுத்த வரம்பையும் நீங்களே மாற்றாதீர்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், மேல்வரம்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். என் டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் குறைத்தார், கசிவு இன்னும் இறங்கியது.

பராமரிப்பு சுலபம். குஷனைத் தினமும் மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். எதைக் கழுவினாலும் மொட்டைமாடி வெயிலில் போடுவது நம் பழக்கம், சிலிக்கோனுக்கு அது ஆகாது, சீக்கிரம் கெட்டுவிடும். பட்டையை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். குஷனின் இதழ் மஞ்சளித்து, தொட்டால் பிசுபிசுப்பாக அல்லது விறைப்பாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மொத்த மாஸ்க்கையும் வாங்கத் தேவையில்லை. விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான், என் இன்சூரன்ஸ் மாஸ்க்குக்குப் பணம் தரவில்லை. உயிர்காக்கும் சிகிச்சையில் அன்றாடம் தேய்கிற ஒரு பொருளுக்குக் காப்பீடு இல்லை என்பது எனக்கு ஆற்றவே இல்லை.

யாருக்கு இது வேண்டாம்? மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறவர்களுக்கு, வாய்மூச்சை விடமுடியாதவர்களுக்கு, குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் புதைக்கிறவர்களுக்கு. அதிக அழுத்தம் தேவைப்படுகிறவர்கள் வாங்கும் முன் அந்த அழுத்தத்திலேயே ஓட்டிப் பார்க்கவேண்டும், மூக்கடிக் குஷன் எந்தக் கம்பெனியானாலும் அழுத்தம் ஏற ஏற மேலே எம்பப் பார்க்கும்.

வாங்கும்போது இரண்டு அளவு பார்க்கவேண்டும்: தலைக்கு ஃபிரேம், மூக்குக்குக் குஷன். ஃபிரேமின் அளவு சரியில்லாவிட்டால் குழல் காதைத் தொடும், அல்லது உச்சியிலிருந்து பின்னால் சரியும். காதுக்கும் கண் ஓரத்துக்கும் நடுவே போகவேண்டும். குஷன் சிறியது, நடுத்தரம் தவிர அகலமான மூக்குக்கென்று தனி அளவுகளும் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அகல அளவைப் பெரும்பாலும் கேட்டால்தான் எடுத்து வருகிறார்கள், எனக்குப் பொருந்தியதும் சிறிய-அகலம்தான். ஆன்லைனில் வாங்கினால் பிரித்த மாஸ்க்கைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். படுக்கவைத்துப் போட்டுக் காட்டுகிற கடையாகத் தேடுங்கள். திருச்சியில் இரண்டாவதாக நான் போன கடையில் நோயாளிகளுக்கென்று ஒரு கட்டிலே போட்டு வைத்திருந்தார்கள், அங்கிருந்த பெண், 'அக்கா, எந்தப் பக்கம் படுப்பீங்க?' என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியையே பிரித்தார்.